தொற்றில்லாத மூன்று குழிகள்

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, மஞ்சளாகவே கூடாத மூன்று குழிகள் மஞ்சளாகின.

தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் இருக்கும் குழி மஞ்சளாகும், இல்லாத குழி தண்ணீர் மாதிரி நிற்கும். வைரஸ் கொடுத்த செல்களின் குழிகள் மஞ்சளாக வேண்டியது நியாயம், ஆயின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வைரஸை ஜென்மத்தில் கண்டிராத செல்களுக்கு ஓரத்தில் மூன்று குழிகள் ஒதுக்குவோம். அவையும் கூச்சநாச்சம் இல்லாமல் மஞ்சளாக நின்றன.

பக்கத்தில் எங்கள் குழுத் தலைவர் நின்றுகொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே அடுத்த வாரம்தான்.

"தட்டு சரியா கழுவல போலிருக்கு. அடுத்த வாரம் திரும்பப் போட்டுடுங்க" என்றார்.

சாதாரண நாளாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு அவரை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். பத்தொன்பது வருஷமாக இந்த ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஐந்து தரம் கழுவு என்று போட்டிருந்தால் ஆறு தரம் கழுவுகிறவள். கதவுக் கைப்பிடி, நாற்காலி முதுகு, யாராவது அசையாமல் நின்றால் அவர்கள் கை, எல்லாவற்றின் மேலும் ஆல்கஹால் அடிப்பேன் என்பதால் எனக்கு ஸ்பிரே என்று பட்டப்பெயர் உண்டு. அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். அப்படிப்பட்டவளிடம் வந்து கழுவல் சரியில்லை என்கிறார். அன்றைக்கு நான் "சரி சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நான் தட்டின் இன்னொரு ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுவலில் குறை இருந்தால் எதுவுமே ஊற்றாத வெற்றுக் குழிகளும் மஞ்சளாகியிருக்கும். அவை தெளிவாக இருந்தன. அப்படியென்றால் மஞ்சள் செல்களிலிருந்து வந்தது. வைரஸ் நுழையவே கூடாத சுத்த அறையில் வளர்கிற செல்களில் வைரஸ் இருக்கிறது. அந்த செல்களை உறிஞ்சிய கண்ணாடிக் குழாய்தான் போன வியாழக்கிழமை என் தம்பி மனைவியின் விரலைக் குத்திக் கிழித்தது.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் என் பயம் புரியும். ஹெபடைடிஸ் பி வைரஸ் மனிதக் கல்லீரலில் மட்டும் குடியேறுகிற ஜாதி. மனிதர்களை வைத்துச் சோதனை செய்ய முடியாது என்பதால் கல்லீரல் செல்களைப் பிளாஸ்டிக் ஃபிளாஸ்கில் வளர்க்கிறோம். எங்களிடம் இரண்டு வகை. ஒன்றின் மரபணுவுக்குள்ளேயே வைரஸைப் பொதித்து வைத்திருக்கிறது, அது ராப்பகலாக வைரஸைச் சுரந்துகொண்டே இருக்கும். அதை ஊற்று என்போம். இன்னொன்று வைரஸ் இல்லாத செல், ஆனால் வைரஸ் நுழைவதற்கான கதவை அதன் மேல்தோலில் பொருத்தியிருக்கிறார்கள். அதைக் கதவு என்போம். ஊற்றிலிருந்து வைரஸை எடுத்துக் கதவுக்குக் கொடுத்து, எந்த மருந்து அதை வாசலிலேயே தடுக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

இதில் ஒரு தொல்லை. இரண்டும் ஒரே கட்டியின் வழியில் வந்த செல்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. வேற்றுச் செல்களைக் கொல்வதற்காக இரண்டுக்கும் போடுகிற மருந்தும் ஒன்று, அதனால் கலந்துவிட்டால் ஒன்று செத்துக் காட்டிக்கொடுக்கவும் வழியில்லை. ஆகவே அறை வேறு, இன்குபேட்டர் வேறு, செல்களுக்குத் தீனியான மீடியம் இருக்கும் பாட்டில் வேறு. ஊற்றின் பாட்டிலுக்குச் சிவப்பு டேப், கதவின் பாட்டிலுக்குப் பச்சை டேப். காலையில் சுத்த அறை, மத்தியானம் வைரஸ் அறை. வைரஸ் அறைக்குப் போனவர்கள் அன்றைக்குச் சுத்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இந்த விதியை எழுதி அறை வாசலில் ஒட்டியவள் நான்.

என் தம்பி மனைவியை இந்த வேலையில் சேர்த்ததும் நான்தான். கெட்டிக்காரி, கை நடுங்காது. ஆனால் அவள் உடம்பு தடுப்பூசிக்கு மசியவில்லை. மூன்று ஊசி போட்டார்கள், பிறகு இன்னொரு மூன்று. ரத்தத்தில் எதிர்ப்பு ஒரு சொட்டு ஊறவில்லை. நூறு பேரில் ஐந்தாறு பேருக்கு இப்படி ஆகுமாம். எங்கள் நிறுவன டாக்டரம்மா அவளை வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்றார். நான் சண்டை போட்டேன். வைரஸ் அறைக்குள் அவள் கால் வைக்க மாட்டாள், சுத்த அறையில் கதவு செல்களை மட்டும் பார்த்துக்கொள்வாள், அவளுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பொறுப்பு என்றுதான் எழுதினேன்.

போன வியாழன் காலை பத்தரைக்கு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். மீடியத்தை உறிஞ்சும்போது மெல்லிய கண்ணாடிக் குழாயின் முனை உடைந்து, கையுறையைத் துளைத்து ஆள்காட்டி விரலில் இறங்கியிருந்தது. ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"அண்ணி, இந்த செல்லு சுத்தம்தானே?" என்று கேட்டாள்.

"நான் வளக்கற செல்லுல அழுக்கு பாக்கறியா நீ?" என்றேன். "போய்க் கழுவு. விபத்து ரிஜிஸ்டர்ல எதையும் எழுதி வைக்காதே. டாக்டரம்மா இதுக்குன்னே காத்துக்கிட்டிருக்காங்க, உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் அதோடு அதை மறந்துவிட்டேன்.

மஞ்சளான தட்டை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தபோது, ஐந்து வாரத்துக்கு முந்தைய ஒரு மாலை ஞாபகத்துக்கு வந்தது. மறக்கவில்லை, மேலே எதையோ போட்டு மூடி வைத்திருந்தேன், அவ்வளவுதான். அடுத்து நான்கு நாள் தொடர் விடுமுறை. மீடியத்தில் கலக்கும் சீரம் வந்து சேரவில்லை, அதனால் மீடியம் தட்டுப்பாடு. வைரஸ் அறை வேலையை முடித்துவிட்டு வெளியே வந்த பிறகுதான், சுத்த அறையில் நான்கு ஃபிளாஸ்குகளுக்குத் தீனி போடாதது உறைத்தது. பச்சை டேப் பாட்டில் காலி. நான்கு நாள் பட்டினி கிடந்தால் செல்கள் செத்துவிடும். என் கையில் இருந்த சிவப்பு டேப் பாட்டிலில் பாதிக்கு மேல் மீடியம் இருந்தது. அதன் கழுத்தில் ஆல்கஹால் அடித்தேன். ஆல்கஹால் அடித்தால் பாவமே போய்விடும் என்று நினைக்கிற ஆள் நான். அதை எடுத்துக்கொண்டு சுத்த அறைக்குப் போய் நான்கு ஃபிளாஸ்குக்கும் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு தடவைதான்.

பாட்டிலின் வாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஊற்று ஃபிளாஸ்கைத் தொட்ட உறிஞ்சுகுழாய் ஒரு முறை அந்த மீடியத்துக்குள் இறங்கியிருந்தால் போதும். நாலைந்து ஊற்றுச் செல்கள் வந்திருக்கும். ஐந்து வாரத்தில் அவை குட்டி போட்டுப் பெருகியிருக்கும்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வெளியிலிருந்து வரும் ரத்தத்தைப் பார்க்க வைத்திருக்கும் துரித சோதனை அட்டைகளில் ஒன்றை எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். சுத்த அறையின் கழிவுக் குப்பியில் காலையில் தம்பி மனைவி மாற்றிய பழைய மீடியம் இருந்தது, கிருமிநாசினி கலக்காமல். அதில் நான்கு சொட்டு எடுத்து அட்டையில் விட்டேன். ஒரு கோடு வந்தால் வைரஸ் இல்லை. இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

கை கழுவும் இடத்தில் நின்றபடி அந்த அட்டையை உற்றுப் பார்த்தேன். திரவம் ஈரமாக மெல்ல ஏறியது. முதல் கோடு வந்தது. அதற்கு முன்னால் இருக்கிற இடம் வெள்ளையாக இருந்தது. அப்படியே இரு, அப்படியே இரு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காவது நிமிஷம் இளஞ்சிவப்பாக ஒரு நிழல் விழுந்தது. ஆறாவது நிமிஷம் அது கோடு. பத்தாவது நிமிஷம் முதல் கோட்டைவிட அழுத்தமாக இருந்தது. இரண்டாவது அட்டை எடுத்துப் போட்டேன். அதுவும் அப்படியே.

எதிர்ப்பு இல்லாதவர்களுக்கு என்று ஒரு ஊசி இருக்கிறது. மற்றவர்கள் உடம்பில் ஊறிய எதிர்ப்புப் புரதத்தை எடுத்துச் சேர்த்த மருந்து. காயம் பட்ட அன்றைக்கே போட வேண்டும், தள்ளிப்போனால் ஏழு நாள். அதற்கு மேல் போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டரம்மா அறைச் சுவரிலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. வியாழன் காலை பத்தரைக்குக் குத்தியது. நாளைக் காலை பத்தரைக்கு ஏழு நாள் முடிகிறது. அந்த மருந்தோ எங்கள் நிறுவனத்தில் கிடையாது, ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் மருந்து அறையில் இருக்கிறது. ஆறு மணிக்கு அதைப் பூட்டிவிடுவார்கள், மறுபடி காலை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். மணி மூன்றே முக்கால்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரு நினைப்பு வந்தது. நாளைக்குப் பத்தரை மணி தாண்டிவிட்டால், சொல்வதால் யாருக்கும் நன்மை இல்லை. நன்மை இல்லாத ஒன்றை எதற்குச் சொல்ல வேண்டும்? தட்டு சரியாகக் கழுவவில்லை என்று பழியை ஏற்றுக்கொண்டால் போதும். ஃபிளாஸ்குகளைக் கொதிக்க வைத்து அழித்துவிட்டு, உறைபெட்டியிலிருந்து புதுக் கதவு செல்களை எடுத்து வளர்த்தால் அடுத்த வாரம் குழிகள் தெளிவாகிவிடும். அவளுக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். நான் வாயை மூடிக்கொண்டு ஒரு ராத்திரி இருந்தால் போதும். இவ்வளவும் வரிசையாக, ரொம்ப நியாயம் மாதிரி என் மனசில் ஓடியது. என்னைப் பார்த்தே எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினேன்.

சுத்த அறையில் அவள் காற்று வடிகட்டும் கேபினட் முன்னால் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்டதும் தோள் இரண்டும் விறைத்தன.

"ரெண்டு ஃபிளாஸ்க்தான் அண்ணி பாக்கி. மூடியெல்லாம் தொடச்சுட்டேன். ஆல்கஹாலும் அடிச்சுட்டேன்" என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

"அதெல்லாம் அப்படியே விட்டுட்டு வெளிய வா."

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா அண்ணி?"

"நீ ஒண்ணும் பண்ணல. கையுறையைக் கழட்டு. கையை நல்லா கழுவிட்டு வா."

நடைபாதைக்கு வந்தாள். அட்டையைக் காட்டினேன். அவளுக்கும் கோடுகளைப் படிக்கத் தெரியும்.

"இது கதவு செல்லோட மீடியம். நம்ம சுத்த அறைது" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "அதுல வைரஸ் இருக்கு. அன்னைக்கு உன் விரல்ல குத்தினது அதுதான்."

அழுவாள் என்று நினைத்தேன். மயங்கி விழுந்தால் பிடிப்பதற்காக ஒரு அடி கிட்டப் போனேன். அவள் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். காயம் ஆறி ஒரு புள்ளியாக இருந்தது.

"நீங்க அன்னைக்கு செவப்பு டேப் பாட்டிலை எடுத்துட்டு வந்தீங்களே. அதனாலயா அண்ணி?"

அட்டையைக் கீழே இறக்கினேன்.

"நீ பாத்தியா?"

"லீவுக்கு முந்தின நாள் பையை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன்."

"பாத்துட்டு ஏண்டி சொல்லல?"

கத்திவிட்டேன். இத்தனைக்கும் நடுவில் கத்திவிட்டேன். அவள் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள்.

"உங்ககிட்ட எப்படி அண்ணி அதைச் சொல்றது" என்றாள்.

"குத்திக்கிட்டு ரத்தத்தோட வந்து நின்னியே, அப்பவாவது கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேன் அண்ணி. சுத்தம்தானேன்னு கேட்டேன். நான் வளக்கற செல்லுல அழுக்கு பாக்கறியான்னு கேட்டீங்க. அதுக்கு மேல என்ன கேக்கறது. நீங்க எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன். அப்படி நெனச்சுக்கத்தான் முடிஞ்சுது."

"டாக்டரம்மாகிட்ட போயிருக்கலாமே."

"போனா பாட்டில் விஷயத்தைச் சொல்லணும். உங்களுக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும்னு பயமா இருந்துச்சு."

ஆறு நாளாக அவள் தூங்கவில்லை. என் தம்பியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுத் தனி அறையில் படுத்திருக்கிறாள். தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. தட்டிலும் டம்ளரிலும் இந்த வைரஸ் ஒட்டாது என்று அவளுக்கும் தெரியும், பயத்துக்குத்தான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவள் தன் தட்டை மட்டும் தனியாகக் கழுவி வைத்ததைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும், "மகாராணிக்குத் தனித் தட்டு வேணுமாக்கும்" என்று சொன்னேன். தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

டாக்டரம்மா மேஜையைப் பூட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போய் நின்றோம். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

"விபத்து ரிஜிஸ்டர்ல எந்தப் பக்கத்துல இருக்கு?"

"இல்லீங்க. எழுத வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

பேனா நின்றது.

"செல் எப்படிக் கலந்துச்சு?"

"என் கையால. சிவப்பு டேப் பாட்டிலை நான்தான் உள்ள கொண்டுபோனேன்."

"யாரும் உங்களை இப்படிச் சொல்லச் சொல்லி வற்புறுத்தலியே?"

"என்னை யாரு வற்புறுத்த முடியும்" என்றேன். அதுதான் என் வாழ்க்கையின் கோளாறு என்று அந்த நிமிஷம் எனக்கு விளங்கியது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். எதிர்முனையில் யாரோ பிடித்து வைத்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடிகாரம் நாலு இருபது. அதற்குள் விஷயம் பரவி குழுத் தலைவர் வந்துவிட்டார். வாசலில் நின்றபடி, "ரிப்போர்ட் எல்லாம் நிதானமா அடுத்த வாரம்" என்று ஆரம்பித்தார்.

"சார், நாளைக்குக் காலைல பத்தரைக்கு ஏழு நாள் முடியுது" என்றேன்.

அவர் அவளைப் பார்த்தார், அவள் விரலைப் பார்த்தார். சட்டைப் பையில் கைவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

"இப்பவே கெளம்புங்க. நான் ஓட்டறேன்."

அவர் வாயில் இப்பவே என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். வேறு நாளாக இருந்தால் அதைச் சொல்லியே ஒரு மாதம் அவரைக் கேலி செய்திருப்போம்.

பாலத்துக்குக் கீழே வண்டிகள் நகராமல் நின்றன. டாக்டரம்மா முன் சீட்டில் உட்கார்ந்து மடியில் கடிதத்தை வைத்திருந்தார். பின்னால் நாங்கள்.

"ஊசி போட்டா வராதுங்களா?" என்று அவள் கேட்டாள்.

"வாய்ப்பு நல்லாவே குறையும். நிச்சயமா வராதுன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்கே போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா, என் பக்கம் திரும்பாமல். "ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு போடணும். ஆறாவது மாசம் ரத்தம் பாத்தாத்தான் முடிவாத் தெரியும்."

ஆறு மாதம் என்று அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒரு விதத்தில் அந்த வைரஸோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். அது கல்லீரல் செல்லுக்குள் எப்படி நுழைகிறது, உட்கருவுக்குள் எப்படிச் சுருண்டு ஒளிந்துகொள்கிறது, ஒரு தரம் ஒளிந்தால் எந்த மருந்தாலும் வேரோடு பிடுங்க முடியாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இதுவரை அது படமாக இருந்தது. அந்தக் காரில் பக்கத்து சீட்டில் அது நடந்துகொண்டிருக்கலாம் என்று தோன்றியது. கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

மருந்து அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து நாற்பது. அங்கே இருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தார்.

"பொறந்த கொழந்தைக்குப் போடற அளவுதான் இருக்கு. பெரியவங்களுக்கு உள்ளது தீந்துபோச்சு" என்றார்.

நான் குளிர்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். டாக்டரம்மா ஏதோ கேட்டார், அவர் ஏதோ பதில் சொன்னார், எனக்கு முதலில் எதுவும் காதில் விழவில்லை. சின்னக் குப்பிகளையே நாலைந்து சேர்த்துப் போட்டால் கணக்கு சரியாக வரும் என்று டாக்டரம்மா சொல்ல, அவர் இன்னொரு கடிதம் கேட்டார். டாக்டரம்மா அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தார். மருந்து அறைக்காரர் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நர்ஸ் அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார். திரைக்கு இந்தப் பக்கம் நின்று நான் ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அவள் சத்தம் போடவில்லை.

ஆறு மணிக்கு நான்கு நிமிஷம் இருந்தது. காலக்கெடுவுக்கு இன்னும் பதினாறரை மணி நேரம் பாக்கி.

"அரை மணி நேரம் இங்கயே இருக்கணும். தலை சுத்தினா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனார். டாக்டரம்மாவும் குழுத் தலைவரும் கையெழுத்துப் போட உள்ளே போனார்கள். நீளமான கூடம். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், ஒன்றில்கூட ஆள் இல்லை. நான் முதல் நாற்காலியில் விழுந்து தம்பிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், ரிஜிஸ்டர், தட்டு, தனியாகப் படுத்த காரணம். "அவ பக்கத்துல இருக்காளா? அவகிட்ட குடு" என்றான். இதுவரை என்னிடம் அவன் அப்படிப் பேசியதில்லை.

போனைக் கொடுக்கத் திரும்பினேன். அவள் உட்காரவில்லை. இடுப்பில் ஊசி போட்ட இடத்தைக் கையால் அழுத்தியபடி, ஒரு காலில் பாரத்தைப் போட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. அவள் முன்னால் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

"வலிக்குதா?" என்றேன்.

"கொஞ்சம்." என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணி, நான் உக்காந்துக்கட்டுமா?"

அன்றைக்குப் பட்ட பயத்தையெல்லாம் கூட்டினாலும் அந்தக் கேள்வி கொடுத்த பயத்துக்கு ஈடாகாது. வைரஸ் அவளுக்குள் இருக்கிறதா என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். நான் அவளுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறேன் என்பதைச் சொல்ல எந்த அட்டையும் வேண்டியிருக்கவில்லை.

"உக்காரும்மா" என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னேன்.

அவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள், திட்டு வாங்கினவள் மாதிரி, நாற்காலியின் நுனியில்.